நான் சாம்பல் நிறம் தீட்டிய கடற்கரை

வரைபடம் கீறுவதில் என்னை விட்டால் ஆளில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இப்போதும் அந்த எண்ணம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. நகரத் திட்டமிடலில் முதுமாணி படித்துக்கொண்டிருந்தேன். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் எல்லாம் முடிந்து, பட்டம் கைக்கு வர நாலு மாதப் பயிற்சி ஒன்றுதான் பாக்கி. கூடப் படித்தவர்கள் கொழும்பில் கண்ணாடிக் கட்டடங்களாகப் பார்த்து இடம் பிடித்தார்கள். நான் வடமராட்சிக் கரையோரத்தில் ஒரு சின்ன உள்ளூர்ச் சபையைக் கேட்டு வாங்கினேன். பிறந்த மண்ணுக்குச் செய்கிற கடமை என்று விண்ணப்பத்தில் எழுதினேன். அம்மாவின் சோறும், அங்கே எனக்குப் போட்டியாக ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதும் மற்றக் காரணங்கள். அவற்றை எழுதவில்லை.

உரும்பிராயிலிருந்து விடியவே ஸ்கூட்டியில் வெளிக்கிடுவேன். வல்லை வெளியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். நெல்லியடியில் நின்று ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, எட்டரைக்குக் கந்தோர் மேசையில் இருப்பேன். அங்கே எனக்குப் பெயர் இல்லை. "ரெயினிங் பிள்ளை" என்றுதான் தவிசாளரில் இருந்து வாசலில் நிற்பவர் வரை எல்லாரும் கூப்பிட்டார்கள். எனக்குப் பொறுப்பாக இருந்தவர் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நல்ல மனிசன், ஆனால் மூன்று பேரின் வேலையை ஒருவராகச் செய்கிற மனிசன். மதகு, தெருவிளக்கு, சந்தைக் கூரை, கட்டட அனுமதி என்று காலையில் மோட்டார் சைக்கிளில் ஏறினால் மத்தியானம்தான் இறங்குவார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"பிள்ளை, உமக்கு நல்ல வேலை ஒண்டு வைச்சிருக்கிறன். சண்டை சச்சரவில்லாத வேலை. பிளானைக் கீறுறீர், சேர்டிபிக்கற்றை வாங்கிறீர், போறீர்."

வேலை இதுதான். அந்த ஊரிலிருந்து கனடாவுக்குப் போனவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஊர்க் கடற்கரையில் ஒரு நடைபாதை போட்டுத் தருகிறோம் என்று சபைக்கு எழுதியிருந்தார்கள். கல் பதித்த பாதை, இருக்கைகள், விளக்குகள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். சபைக்கும் சந்தோசம்தான். ஆனால் எங்கே போடுவது என்று காட்ட ஒரு நிலப் பாவனை வரைபடம் வேண்டும். கரையோரத்தில் எந்தத் துண்டு வீடு, எது கடை, எது கோயில், எது ஒன்றுக்கும் பயன்படாமல் கிடக்கிறது என்று நிறம் தீட்டிக் காட்ட வேண்டும். அதைச் செய்யச் சபையிடம் ஆள் இல்லை, இப்போது நான் வந்துவிட்டேன்.

மார்கழி மாதம் அது. வாடைக்காற்றும் மழையும் மாறி மாறி அடித்தன. கடல் கறுத்துக் கிடந்தது. ஒரு கையில் குடையும் மறு கையில் டப்லெட்டுமாக நான் இரண்டு நாட்கள் கரை நீளத்துக்கும் நடந்தேன். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, கோயில்களுக்கு ஊதா. றோட்டுக்கும் கடலுக்கும் நடுவே, ஊரின் கிழக்குப் பக்கமாக, ஒரு நீளமான மணல் துண்டு இருந்தது. நீளத்துக்கு நடந்தால் முந்நூறு காலடி வரும். மழையில் நனைந்த வெறும் மணல். இரண்டு கல்லு, அறுந்த கயிற்றுத் துண்டு, ஒரு நாய். எல்லையில் வேலி இல்லை, கதியால் இல்லை, கம்பி இல்லை. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பாவனையில் இல்லாத நிலம்" என்று போட்டுச் சாம்பல் நிறம் தீட்டினேன்.

ஏன் யோசிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நான் செம்மண் ஊர்க்காரி. எங்கள் பக்கத்தில் நிலம் என்றால் வேலி. கிளுவைக் கதியால், பனையோலை, தகரம், வசதி வந்தால் மதில். என் அப்பாவும் பக்கத்து வளவுக்காரரும் ஒரு கதியால் அரை அடி தள்ளி நடப்பட்டதற்காக ஏழு வருடம் முகம் பார்க்கவில்லை. கோயிலில் ஒரே வரிசையில் நின்று விபூதி வாங்குவார்கள், கதைக்கமாட்டார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு வேலி இருந்தால் அது ஆரோ ஒருவருடையது, வேலி இல்லாவிட்டால் அது ஒருவருடையதும் இல்லை. பல்கலைக்கழகத்தில் சமத்துவமான சமூக அபிவிருத்தி என்ற பாடத்தில் வகுப்பிலேயே கூடின புள்ளி எனக்குத்தான். திட்டமிடுகிறவர் தன் கண்ணில் படாதவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று பன்னிரண்டு பக்கத்தில் கட்டுரை எழுதியவள் நான். அந்தக் கட்டுரை எழுதிய கைதான் சாம்பல் நிறத்தையும் தீட்டியது.

தை மாதம் மக்கள் கலந்துரையாடல் வைத்தோம். சபை மண்டபம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. சனசமூக நிலையப் பலகைகளில் எல்லாம் நானே அறிவித்தல் ஒட்டினேன். இளைப்பாறிய ஆசிரியர்கள், கடை முதலாளிமார், கோயில் சபைக்காரர் என்று வந்து கதிரைகளை நிரப்பினார்கள். நான் திரையில் படத்தைப் போட்டு விளங்கப்படுத்தினேன். நன்றாகவே கதைத்தேன், அதில் பொய்யடக்கம் வேண்டாம். பின்னேரத்தில் காலாற நடக்க இடமில்லாமல் இருந்தது என்று ஒருவர் எழும்பிச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். கரையில் தொழில் செய்கிற குடும்பங்களிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அது என் கண்ணில் பட்டது. அவர்களுக்கு இதில் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொண்டு, என் பட்டியலில் "மக்கள் கருத்து" என்ற இடத்தில் சரி போட்டேன்.

மாசி நடுவில், பாதை வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு அடையாளப்படுத்த அனுப்பினார்கள். சபைத் தொழிலாளி ஒருவர் சுண்ணாம்புச் சாக்கைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார், நான் பின்னால் ஸ்கூட்டியில். வளைவு திரும்பியதும் நான் பிரேக் பிடித்தேன். அந்த மணலைக் காணவில்லை.

வெயில் எறித்துக்கொண்டிருந்தது. மணல் முழுக்கப் பழைய வலையும் தென்னோலைக் கிடுகும் விரித்து, அதன்மேல் சூடையும் நெத்தலியும் வெள்ளி வெள்ளியாகக் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர்ப் பக்கம் படகுகள் வரிசையாக ஏறி நின்றன. பெண்கள் குனிந்து மீன் பிரட்டினார்கள். மார்கழியில் படகுகளை வீடுகளுக்கு நடுவே இருக்கிற ஒழுங்கைகளுக்குள் இழுத்து ஏற்றிவிட்டு, வெயிலுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நான் வந்து பார்த்தது வருடத்திலேயே அந்த மணல் சும்மா கிடக்கிற ஒன்றரை மாதத்துக்குள். தொழிலாளியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணை, இது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே பிள்ளை."

எனக்குப் பிழை விடுவது பிடிக்காது. பிழை விட்டதை மற்றவர்கள் பார்ப்பது அதைவிடப் பிடிக்காது. ஆகவே நான் செய்யக்கூடாததைச் செய்தேன். ஒன்றும் நடக்காததுபோலக் கோட்டைத் தொடங்கச் சொன்னேன். சுண்ணாம்பு ஒரு கிடுகின் ஓரத்தைத் தொட்டபோது, அதில் நெத்தலி பிரட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். தலையில் துவாய் கட்டியிருந்தார். பிறகு அந்த ஊரில் எனக்கு நெருக்கமானவர் அவர்தான், ஆனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் அது தெரியாது.

"என்ன தங்கச்சி, கலியாண வீட்டுக்குப் பந்தல் போடப் போறியளோ?"

"இதாலை சபை நடைபாதை ஒண்டு வருது அக்கா. நீங்கள் வேறை இடத்திலை காயப் போட வேணும்."

"வேறை இடம் எண்டால் எங்கை?"

"வீட்டுப் பின்பக்கம், வளவுக்குள்ளை…"

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வளவுக்குள் காற்று இல்லை, அரை நாளில் புழு வைத்துவிடும், பிறகு அந்தக் கருவாட்டை நாயும் தின்னாது என்று நிதானமாகச் சொன்னார். கணவர் பிடிக்கிற மீனில் பச்சையாக விற்கிறது போக மிச்சம் முழுவதும் இந்த மணலில்தான் காசாகிறது, இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் படிக்கிறது இதிலைதான் என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்கு எந்த ஊர்?"

"உரும்பிராய்."

"அதுதானே பார்த்தன். வேலி இல்லாத இடமெல்லாம் வெறும் இடம் எண்டு நினைச்சுப்போட்டீர்."

"நீங்கள்" என்று தொடங்கியவர் "நீர்" என்ற பேச்சுக்கு இறங்கிவிட்டார். அந்த இறக்கம் எனக்குத் தகும். முகம் சூடாகி, காது வரைக்கும் எரிந்தது. வெட்கமா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது. இந்தப் பாதை வந்தால் இந்தப் பெண்ணின் அடுப்பில் கை வைத்தவள் நான்தான். சங்கமும் இல்லை, தவிசாளரும் இல்லை. அவர்கள் என் படத்தைப் பார்த்துத்தான் முடிவு எடுத்தார்கள்.

கந்தோருக்குத் திரும்பி உத்தியோகத்தரிடம் போனேன். அவர் சந்தைக் கூரைக் கணக்குக்குள் தலையை விட்டிருந்தார். படம் பிழை, மாற்ற வேண்டும் என்றேன். அவர் பேனாவை வைத்தார்.

"பிள்ளை, சங்கத்து ஆள் கனடாவிலை இருந்து வந்து நிக்கிறார். வாற திங்கள் கூட்டம். இப்ப படத்தை மாத்தினால் எல்லாத்தையும் முதலிலை இருந்து மாத்த வேணும். அது அரச காணி, அந்தச் சனத்திட்டை ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. நீர் உம்மடை பயிற்சியை முடிச்சுக்கொண்டு போம். மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். "ஐயா, பிறகு பார்க்கிறதுக்கு அங்கை மணல் இருக்காது" என்றேன். பயிற்சி முடிந்த கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும், அது இல்லாமல் எனக்குப் பட்டம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில், திங்கட்கிழமைக்குள் இன்னொரு படம் கொண்டுவந்தால் கொண்டுவாரும், ஆனால் கூட்டத்தில் நீர்தான் எழும்பிக் கதைக்க வேணும், நான் வாய் திறக்கமாட்டேன் என்றார். எனக்கு அது போதும்.

ஆறு நாள் இருந்தது. தினமும் விடிய ஐந்து மணிக்கே கடற்கரையில் நின்றேன். அப்போதுதான் படகுகள் வரத் தொடங்கும். அங்கே நின்று பார்த்த முதல் காலையிலேயே, எங்கள் கலந்துரையாடலுக்கு ஏன் ஒருவரும் வரவில்லை என்பது விளங்கிவிட்டது. விடிய வந்து இறங்குகிற மீனைத் தரம் பிரித்து, கழுவி, உப்புப் போட்டு, விரித்து முடிக்கப் பத்தரை ஆகும். ஒன்பதரைக்குக் கூட்டம் வைத்துவிட்டு, வரவில்லை என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன்.

துவாய் கட்டிய அக்கா முதல் நாள் என்னைக் கண்டும் காணாதவர்போல இருந்தார். நான் போய், அக்கா, நான் விட்டது பிழை, அதை நான் திருத்த வேணும், ஆரின்ரை இடம் எது எண்டு காட்டுங்கோ என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்பதும் எனக்குப் பழக்கமில்லை, அதனால் அது கட்டளைபோலத்தான் வந்திருக்கும். அவர் மீன் பிரட்டிக்கொண்டே, காட்டினால் மட்டும் உமக்குத் தெரியுமோ என்றார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த லைற் போஸ்ற்றிலை இருந்து நேரை கடலுக்குள்ளை நிக்கிற கறுத்தக் கல்லுக்கு ஒரு கோடு. அதுவரைக்கும் மச்சாளின்ரை. கோட்டுக்கு இஞ்சாலை, அந்தச் சரிஞ்ச தென்னை வரைக்கும் என்ரை."

அந்த மணலில் பதினான்கு இடங்கள் இருந்தன. ஒன்றுக்கும் வேலி இல்லை, ஆனால் ஒரு கிடுகு ஓரம் கூட மற்ற இடத்துக்குள் போகாது. மூன்றாம் நாள் எனக்கே கோடுகள் கண்ணில் தெரியத் தொடங்கின. ஆனால் நான் எதிர்பார்க்காதது வேறு. இடம் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகிறது என்று கேட்டபோது, எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். சீதனத்தோடு வந்தது. மகளுக்கு வீடு கொடுக்கும்போது அந்த வீட்டுக்கு நேரே இருக்கிற மணலும் வாய்ப்பேச்சில் மகளுக்குப் போகும். ஆண்களுக்குக் கடல், பெண்களுக்குக் கரை.

"சீதன உறுதியிலை எழுதியிருக்கோ அக்கா?"

"உறுதியிலை ஏன்? எல்லாருக்கும் தெரியும்தானே."

எங்கள் வீட்டுச் சீதன உறுதிப் பத்திரத்தில் கிணற்றில் பங்கு, வாய்க்கால், வழி என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கும், அப்படி எழுதியும் சண்டை பிடிப்போம். இவர்கள் ஒரு வரியும் எழுதாமல் தாய்க்குப் பிறகு மகள் என்று வைத்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

படத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் எழுதப் போனேன். வேண்டாம் என்றார்கள். அக்கா பென்சிலையே பிடித்துவிட்டார். பெயர் எழுதினால் அது அந்தப் பெயருக்கே நின்றுவிடும், நாளைக்கு மகள் கேட்டால் கந்தோருக்குப் போய் மாற்ற வேண்டி வரும், உங்கடை ஊர் மாதிரி நாங்களும் வழக்குப் பேசத் தொடங்கிவிடுவோம் என்றார்.

"அப்ப ஆரின்ரை எண்டு கூட்டத்திலை கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"இஞ்சை வந்து கேக்கச் சொல்லும்."

அவர் அதைக் கடுப்பில்தான் சொன்னார். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் தவிசாளர் நடுவில் இருந்தார், பக்கத்தில் சங்கத்து மனிதர். நாற்பத்தைந்து வயது வரும், மென்மையாகக் கதைத்தார். வந்திருந்தவர்கள் எல்லாருடனும் கை குலுக்கினார், எனக்கும் கை தந்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இலகு. அவர் தன் ஊர் வயதானவர்கள் பின்னேரத்தில் கடற்காற்றில் நடக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். பத்து வயதில் ஊரை விட்டுப் போனாராம். நான் எழும்பினேன்.

"சபைக்கு நான் தந்த படம் பிழை. கீறினது நான்தான். அந்த மணல் சும்மா கிடக்கேல்லை. பதினாலு குடும்பம் அதிலை தொழில் செய்யுது."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. அப்ப இவ்வளவு நாளும் என்ன பார்த்துக் கீறினீர் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மழையைப் பார்த்துக் கீறினேன் என்றேன். இரண்டொருவர் சிரித்தார்கள். தவிசாளர் சிரிக்கவில்லை. அந்தச் சனம் ஒருத்தரும் கூட்டத்துக்கு வரேல்லையே, வந்து சொல்லியிருக்கலாமே என்றார். நாங்கள் வைத்த நேரம் மீன் கழுவி விரிக்கிற நேரம் என்றேன். அவர்களிட்டை என்ன ஆதாரம் இருக்கு, ஆரின்ரை பெயரிலை இருக்கு என்று கேட்டார். நான் புதுப் படத்தை மேசையில் விரித்தேன். விளக்குக் கம்பத்திலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து தென்னைக்கு என்று கோடுகள் மட்டும் இருந்தன, பெயர் ஒன்றுகூட இல்லை. ஆரின்ரை எண்டு அங்கை வந்து கேக்கச் சொன்னவை, இண்டைக்கு நாலு மணிக்குப் போவம் என்றேன். பாதையைக் கடல் பக்கத்தில் போடாமல், றோட்டின் மற்றப் பக்கத்தில், மதிலோரமாகப் போடலாம் என்பதையும் அளந்து காட்டினேன். அங்கே பாதை ஒடுங்கும், இருக்கைகள் பாதியாகக் குறையும், ஆனால் கடல் தெரியும். உத்தியோகத்தர் வாய் திறக்கவில்லை. ஆனால் நாலு மணிக்குச் சபை வாகனத்தை அவர்தான் ஒழுங்கு செய்தார்.

பின்னேரம் அந்த மணலில் தவிசாளர், உத்தியோகத்தர், சங்கத்து மனிதர், நான். பெண்கள் காய்ந்ததை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கத்து மனிதர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். விளக்குக் கம்பத்துக்குக் கிட்ட வந்து நின்று, பாதை இதாலை வந்தால் எவ்வளவு வடிவாக இருக்கும் என்று தவிசாளருக்குக் கையால் காட்டினார். அக்கா சாக்கை வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணை, நீங்கள் இப்ப நிக்கிறது உங்கடை அம்மாவின்ரை இடம்."

அவர் கையை இறக்கினார்.

"அம்மாவுக்குப் பிறகு உங்கடை தங்கச்சிக்கு வந்தது. அவ வெளிநாடு போகேக்கை என்னட்டைத்தான் விட்டவ. நான் அதிலையும் காயப் போடுறன். ஆனால் என்ரை இல்லை. அவ வந்து கேட்டால் அண்டைக்கே எழும்பிக் குடுக்க வேணும்."

மச்சாளுடையது என்று எனக்குக் காட்டிய இடம்தான் அது. மச்சாள் கனடாவில் இருப்பதை எனக்கு அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மனிதர் காலடி மணலையும் கறுத்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். தாயையும் தங்கச்சியையும் ஊரில் விட்டுப் பத்து வயதில் போனவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

"நான் கேட்டால் தருவீங்களோ?" என்று கேட்டார். குரலில் அதிகாரம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

"உங்களுக்குத் தரேலாது அண்ணை. அவ கேக்க வேணும்."

தவிசாளர் தொண்டையைச் செருமினார். அந்த மனிதர் போனை எடுத்து, தங்கச்சியை வீடியோவில் கூப்பிட்டார். கனடாவில் விடியப்போகிற நேரம். தங்கச்சி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார், தடித்த கோட்டும் கழுத்துத் துணியுமாக ஒரு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் கடற்கரையைக் காட்டினார். பாதை போடுவதைப் பற்றி விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, மணலில் இருக்கிற பெண்களைப் பற்றியும் நேர்மையாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"பாதை இதாலைதான் தொடங்குது. உன்ரை இடத்தை மட்டும் விட்டுக் குடுக்கிறியோ? நீ சொன்னால் மற்றவையும் யோசிப்பினம்."

அந்தப் பெண் கோட்டின் பொத்தான் ஒன்றைப் போட்டார், பிறகு கழற்றினார்.

"அண்ணா, நான் திரும்பி வருவன் எண்டு சொல்லித்தானே அதை விட்டுட்டு வந்தனான். பாதை போட்டிட்டால் நான் எங்கை வாறது?"

எனக்கு அழுகை வந்தது. தவிசாளருக்கு முன்னால்தான் வந்தது, துடைக்கவும் இல்லை. ஒருத்தி மீன் காயப் போடுகிற இடம் என்று மட்டும்தான் நான் திருத்தியிருந்தேன். அது இன்னொருத்தி வந்து சேர வைத்திருந்த இடம் என்பது என் இரண்டாவது படத்திலும் இல்லை.

மனிதர் தவிசாளரின் பக்கம் திரும்பினார். பாதை வேண்டாம் எண்டு சொல்லேல்லை, றோட்டுக்கு மற்றப் பக்கம் போடுங்கோ, சங்கத்துக்கு நான் சொல்லுறன் என்றார். தவிசாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பிடியெண்டால் அப்பிடியே செய்வம் என்றார். என் பயிற்சிக் கடிதத்தில் "குறித்த காலத்தில் வேலை முடிக்கப்படவில்லை" என்று ஒரு வரி விழுந்தது, ஆனாலும் அதன் கீழே உத்தியோகத்தர் கையெழுத்துப் போட்டார். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அந்த மணலில் போன் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது. அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"மச்சாள், நீர் அவசரப்படாமல் ஆறுதலா வாரும். நான் இடத்தை வைச்சிருக்கிறன்."

பிறகு அவர் போய் மிச்ச நெத்தலியை அள்ளத் தொடங்கினார்.